பெரிய தலை எறும்பும் சின்ன எறும்பும் ஒரே இனமா?

உங்களுடையது களுவாஞ்சிக்குடியில் பழைய ஓட்டு வீடு. மாரி தொடங்கியதில் இருந்து, இரவானால் கைமரத்தின் ஓரமாகக் கறுத்த எறும்புகள் இறங்கிச் சுவர் வழியே குசினிக்கு வருகின்றன. ஒரே வரிசையில் மூன்று அளவு: சிறியது, நடுத்தரம், பிறகு உடம்புக்கே பொருந்தாத தலையோடு ஒரு பெரியது. "பெரிய தலை உள்ளதுதான் இராணியா, சின்னது குஞ்சா, இல்லாவிட்டால் இரண்டு மூன்று வகை எறும்பு கலந்து வருகுதா? இதுதான் மரத்தைத் தின்னும் தச்செறும்பு என்றால் கூரை என்னாகும்?" என்று கேட்டு மூன்று படங்களும் போட்டிருக்கிறீர்கள். கேள்வி தலையைப் பற்றியது, கவலை கூரையைப் பற்றியது என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் தலையில் இருந்துதான் தொடங்க வேண்டும். அந்த அளவு வித்தியாசமே உங்கள் எறும்பு எது என்பதற்குப் பாதிச் சான்று. நான் பூச்சியியல் படித்தவன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வயல்களிலும் தோட்டங்களிலும் பூச்சி பார்ப்பதே நீண்டகாலத் தொழில். மரவேலை தெரிந்தவன் அல்ல. கைமரம் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதை ஓர் ஓடாவியைக் கூட்டிவந்து தட்டிப் பார்க்கச் சொல்லித்தான் அறியலாம்.

முதலில், சின்னது குஞ்சு அல்ல. இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. கால் முளைத்து வெளியே நடமாடும் எறும்பு எதுவும் அதற்குப் பிறகு வளராது. எறும்பின் பிள்ளைப்பருவம் முழுவதும் கூட்டுக்குள்ளேயே, கால் இல்லாத வெள்ளைப் புழுவாகக் கழிகிறது. மூத்த எறும்புகள் வாயில் ஊட்டித்தான் அந்தப் புழு வளரும். வளர்ச்சி முடிந்ததும், தச்செறும்பு போன்ற பல எறும்புகளில், அது தன்னைச் சுற்றி நூல்கூடு கட்டிக்கொண்டு உருமாறுகிறது. மழைக்கு முன் எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு போகிறது என்று நாம் காட்டுகிற அந்த வெள்ளை நீள்உருண்டைகள் பெரும்பாலும் இந்தக் கூடுகள்தான். உண்மையான முட்டை கண்ணுக்கு ஒரு புள்ளியளவு தெரிந்தால் பெரிய காரியம். நூல்கூட்டை விட்டு வெளிவரும்போது எந்த அளவோ, சாகும்வரை அந்த அளவுதான். ஆகவே உங்கள் வரிசையில் போகும் சின்னதும் பெரியதும் வயதால் அளவு வேறுபட்டவை அல்ல. சின்ன எறும்பு பெரியதைவிட மூத்ததாகவும் இருக்கலாம்.

பெரிய தலை உள்ளது இராணியும் அல்ல. இராணி உணவு தேடி வரிசையில் வருவதில்லை. கூட்டின் உள்ளறையில் இருப்பவள். அவளை அடையாளம் காணத் தலையைப் பார்க்க வேண்டாம், முதுகைப் பாருங்கள். ஒரு காலத்தில் சிறகும் அதை அசைக்கும் தசையும் இருந்த இடம் என்பதால் இராணியின் நடுவுடல் தடித்து, மேலே புடைத்து இருக்கும். சிறகு உதிர்ந்த தழும்பு பக்கவாட்டில் தெரியும். தலையின் உச்சியில் மூன்று சிறு கண்புள்ளிகளும் உண்டு. உங்கள் இரண்டாவது படத்தில் இருப்பதற்குத் தலை பெரிதே தவிர நடுவுடல் ஒடுங்கித்தான் இருக்கிறது. அது வேலைக்கார எறும்புதான். எல்லா வேலைக்கார எறும்புகளையும் போல அதுவும் பெண். ஆண் எறும்புக்குச் சிறகு உண்டு, தலை சிறியது, ஆயுளும் கொஞ்சம். பறக்கும் பருவம் தவிர மற்ற நேரத்தில் உங்கள் கண்ணில் படாது.

இரண்டு மூன்று வகை கலந்து வருவதும் அல்ல, எல்லாம் ஒரே இனம்தான். அப்படியானால் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபட வேண்டும்? தச்செறும்புகள் கம்போனோட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. 1861இல் குஸ்தாவ் மயர் என்ற ஒஸ்திரிய ஆய்வாளர் இந்தப் பெயரை வைத்தார். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். வேலைக்காரர்கள் பல அளவில் இருப்பது இந்தப் பேரினத்தின் பொதுக்குணம். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது நம் வசதிக்குத்தான். ஒரு கூட்டில் இருந்து நூறு எறும்பை எடுத்து அளவுப்படி அடுக்கினால், பெரும்பாலான இனங்களில் இடைவெளி இல்லாமல் ஒன்றில் இருந்து ஒன்றுக்கு ஏறிக்கொண்டே போகும். உடம்பு பெரிதாகும்போது தலை அதைவிட வேகமாகப் பெரிதாகிறது. அதனால்தான் பெரியது சின்னதின் பெருப்பித்த படம்போல் இல்லாமல், பொருத்தமில்லாத தலையோடு வேறு எறும்புபோலத் தோன்றுகிறது. பின்தலை இரண்டு பக்கமும் அகன்று, நடுவில் சற்று உள்வாங்கி இருக்கும். அந்த அகலம் முழுவதும் தாடையை மூடும் தசைக்கான இடம்.

புழுப்பருவத்தில் எவ்வளவு ஊட்டம் கிடைத்தது, அப்போது உடலில் சுரப்புகள் எப்படி இருந்தன என்பவைதான் அளவைத் தீர்மானிப்பதில் முக்கியமானவை என்பது உறுதி. பரம்பரைக்கும் ஒரு பங்கு இருப்பதாகச் சில இனங்களில் காட்டியிருக்கிறார்கள். எல்லா இனத்துக்கும் அதே பங்கு என்று சொல்ல முடியாது. இன்னொரு விசயமும் உறுதி, அது உங்களுக்குப் பயன்படும். கலவி முடிந்த இராணி தனியாக ஒரு பொந்தில் அடைபட்டு, வெளியே வராமல், தன் உடம்பில் சேர்த்து வைத்த சத்தைக்கொண்டே முதல் பிள்ளைகளை வளர்க்கிறாள். அந்த முதல் தொகுதி எல்லாமே நோஞ்சான் சின்ன எறும்புகள். பெரிய தலைக்காரர்கள் பிறப்பது கூட்டுக்குள் கைகள் கூடி, உணவு வரத்து பெருகிய பிறகுதான். ஆகவே சின்னது மட்டும் வரும் கூடு இளங்கூடாக இருக்கலாம். உங்கள் வீட்டில்போல மூன்று அளவும் தாராளமாக வருகிறதென்றால் அது இந்த மாரியில் பிறந்த கூடு அல்ல. சில வருடமாக எங்கேயோ நன்றாக வாழ்ந்திருக்கிறது. இந்த மாரியில் இடம் மாறி வந்திருக்கலாம், அல்லது உங்கள் வீட்டிலேயே முன்பிருந்து இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கலாம்.

பெரிய தலைக்காரர்களைப் படைவீரர்கள் என்று எழுதுகிறார்கள். பாதி உண்மை. கூட்டைக் கிளறினால் முன்னுக்கு வந்து தாடையை விரிப்பவை பெரும்பாலும் அவைதான். கடித்து, வயிற்றை முன்னுக்கு வளைத்து, கடித்த இடத்தில் போர்மிக் அமிலத்தைப் பீச்சும், அதனால்தான் எரிகிறது. ஆனால் சமாதான காலத்தில் பல இனங்களில் அவை செய்வது வேறு. சின்னவை கொண்டுவரும் இனிப்பு நீரை வயிற்றின் முன்பையில் நிரப்பி வைத்திருந்து, கேட்டவர்க்கு வாய் வழியே திருப்பிக் கொடுக்கும். பெரிய இரையை நறுக்குவதும் அவற்றின் தாடைக்கே முடியும். புழுக்களைப் பராமரிப்பது, இலைக்கு இலை ஏறி உணவு தேடுவது போன்ற ஓயாத வேலைகள் சின்னவற்றின் தலையில். இதிலும் வயது குறுக்கிடுகிறது: இளையவை உள்ளே, மூத்தவை வெளியே என்ற ஒழுங்கு அளவுக்கு மேலாக ஓடுகிறது. புளோரிடாவில் வாழும் ஒரு கம்போனோட்டஸ் இனத்தில் 2016இல் வெளியான ஆய்வொன்று இதை இன்னும் கலக்கிவிட்டது. சாதாரணமாக உணவு தேடப் போகாத பெரிய எறும்புகளின் மூளையில், அவற்றின் இளம்பருவத்தில், மரபணுக்களின் இயக்கத்தை மாற்றும் மருந்தைச் செலுத்தினார்கள். அவை சின்னவற்றைப்போலவே உணவு தேடிப் புறப்பட்டன. தலையின் அளவு மாறவில்லை, தொழில் மாறிவிட்டது. எனவே எறும்பின் அளவைக் கண்டு அதன் தொழிலை அடித்துச் சொல்பவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். உங்கள் வரிசையிலேயே பெரிய தலைக்காரர்கள் உணவுக்கு வருகிறார்களே.

உடலமைப்பே ஒரு தொழிலுக்கென்று ஆகிப்போனவையும் இந்தக் குடும்பத்தில் இருக்கின்றன, அவை இங்கே உங்கள் குசினிக்கு வரப்போவதில்லை என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கொலபொப்சிஸ் என்ற நெருங்கிய உறவுப் பேரினத்தில், பெரிய வேலைக்காரரின் தலை முன்பக்கம் வெட்டி எடுத்ததுபோல் தட்டையாக இருக்கும். மரக்கொப்பில் குடைந்த கூட்டின் வாசல் சரியாக அந்தத் தலையின் விட்டம். தலையை வாசலில் வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சொந்தக் கூட்டு எறும்பு வந்து உணர்கொம்பால் தட்டினால் பின்வாங்கி வழிவிடும். இதை முன்பு கம்போனோட்டஸின் உட்பிரிவாகவே வைத்திருந்தார்கள், 2016இல் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். அதே பேரினத்தில் போர்னியோத் தீவில் இருந்து 2018இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்தில், சின்ன வேலைக்காரர்கள் எதிரியைப் பிடித்துக்கொண்டு தங்கள் வயிற்றையே வெடிக்கச் செய்து மஞ்சள் பசையைக் கொட்டிச் சாகின்றன. அவுஸ்திரேலியாவின் வறண்ட நடுநிலத்தில் ஒரு கம்போனோட்டஸ் இனத்தில் சில வேலைக்காரர்கள் தேன் நிரம்பி, வயிறு உருண்டு, நடக்க முடியாமல் நிலத்தடி அறையின் கூரையில் தொங்கிக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கும். அந்நாட்டு ஆதிக்குடிகள் தோண்டி எடுத்து உண்பார்கள்.

நம் ஊருக்கு வருவோம். பெரிய தலை, சின்ன தலை கலந்த எறும்பெல்லாம் தச்செறும்பு அல்ல. மட்டக்களப்பில் தரையில் பார்க்கும் சின்னஞ்சிறு எறும்பு வரிசைகளில், இரண்டு மில்லிமீற்றர் எறும்புகளுக்கு நடுவே பெட்டித் தலையோடு சில வருவதைக் கண்டிருப்பீர்கள். அவை பைடோலி, இரண்டே அளவு, நடுத்தரம் கிடையாது. கரெபாரா என்று இன்னொன்று இருக்கிறது. அதில் மிகப் பெரிய வேலைக்காரரின் எடை மிகச் சிறியதின் எடையைப்போல் சுமார் 500 மடங்கு. பெரியதின் முதுகில் சின்னவை ஏறிச் சவாரி போவதைப் பார்க்கலாம். மாமரத்து முசுறிலும் இரண்டு அளவு உண்டு. நம்மைக் கடிப்பது பெரியது; சின்னது இலைக்கூட்டுக்குள் இருந்து பிள்ளை பார்ப்பது, அதனால் முசுறில் சின்ன அளவு இருப்பதே பலருக்குத் தெரியாது. எனவே அளவு வித்தியாசம் பாதிச் சான்று என்றேன். மறுபாதி உடம்பின் கட்டமைப்பில் இருக்கிறது.

அதைப் பார்க்கச் சாதாரண கைலென்ஸ் போதும். போனின் கமராவுக்கு மேல் லென்ஸை வைத்துப் பிடித்தாலும் சரி. முதலில் இடை. நடுவுடலுக்கும் வயிற்றுக்கும் நடுவே எத்தனை கணு என்று எண்ணுங்கள். தச்செறும்புக்கு ஒன்றே ஒன்று, செங்குத்தான செதில்போல நிமிர்ந்து நிற்கும். பைடோலி, கரெபாரா, நெருப்பெறும்பு எல்லாவற்றுக்கும் இரண்டு. இந்த ஒரு பார்வையிலேயே தவறான ஊகங்களில் பாதி கழிந்துவிடும். அடுத்து, பக்கவாட்டில் முதுகின் கோடு. கழுத்தில் இருந்து இடைவரை பள்ளம், முள் எதுவும் இல்லாமல் ஒரே வளைவாக இறங்கினால் அது தச்செறும்பின் முதுகு. பெரும்பாலான இனங்களுக்கு இது பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல; முதுகின் பின்பகுதி கோணலாக உடைந்து இறங்கும் இனங்களும் உண்டு. மூன்றாவது, வயிற்றின் நுனி. கொடுக்கு இருக்காது. அதற்குப் பதிலாகச் சிறிய வட்டத் துவாரம், அதைச் சுற்றி மயிர் வேலி. அமிலம் பீச்சுவது அந்த வழியாகத்தான். உணர்கொம்புக்கு 12 கணுக்கள், முதல் கணு மிக நீளம். அது தலையில் பொருந்தும் இடம் வாய்க்கு மேலுள்ள தகட்டின் விளிம்பில் இருந்து சற்றுத் தள்ளி இருக்கும். கடைசியாகச் சொன்னதற்கு லென்ஸ் நல்லதாக இருக்க வேண்டும், பொறுமையும் வேண்டும்.

உங்கள் முதல் படத்தில் ஒற்றைக்கணு தெளிவு. முதுகு வளைவும் தெளிவு. மூன்று அளவும் ஒரே வரிசையில் வந்ததை நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே பேரினம் கம்போனோட்டஸ் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மூன்றாவது படம் மங்கல், அதை வைத்து எதுவும் சொல்லப் போவதில்லை.

இதே அளவில், இதே கறுப்பில் நம் பக்கத்தில் ஏமாற்றக்கூடியவை சில இருக்கின்றன. வளவில் தனித்தனியாகத் திரியும் கரும்சாம்பல் நிறப் பெரிய எறும்பு டயகாமா. அதற்கும் ஒற்றைக்கணுதான், ஆனால் கணுவின் மேல் இரண்டு குட்டை முள். உடம்பெல்லாம் கைரேகைபோல நுண்ணிய வரிகள். எல்லாம் ஒரே அளவு. கொட்டினால் நன்றாகவே வலிக்கும். அந்த எறும்பில் தனி இராணி என்ற பிறப்பே கிடையாது. வேலைக்காரர்களில் ஒருத்தி முட்டையிடும் உரிமையை எடுத்துக்கொண்டு, புதிதாகப் பிறக்கும் மற்றவர்களின் சிறகு இருக்க வேண்டிய இடத்தில் உள்ள சிறு முகைகளைக் கடித்து எறிந்துவிடுவாள். முகை போனவள் அதன்பின் வேலைக்காரிதான். முதுகிலும் கணுவிலும் வளைந்த முட்களோடு மரங்களில் திரிவது பொலிரக்கிஸ்; அது தச்செறும்புக்கு நெருங்கிய சொந்தம், அதுவும் கொட்டாது. மஞ்சள் நிறத்தில் நீண்ட காலோடு பைத்தியம் பிடித்ததுபோல் ஓடுவதும் அதே குடும்பம்தான், ஆனால் அதில் பெரிய தலை கிடையாது, உணர்கொம்பில் 11 கணுக்களே.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். கறுத்த தலை, செம்மஞ்சள் நடுவுடல், கறுத்த வயிறு என்று மூன்று துண்டாக நிறம் பிரிந்த, மெலிந்து நீண்ட எறும்பு ஒன்று வேம்பு, மா போன்ற மரங்களில் ஏறி இறங்கும். டெட்ராபொனேரா. இடையில் இரண்டு கணு. இதுவும் பட்ட மரத்தின் பொந்துக்குள் கூடு வைப்பதால், மரத்தில் இருப்பதெல்லாம் தச்செறும்பு என்று நினைப்பவர் இதையும் கையால் தட்டிவிடுவார். அதன் கொடுக்கு சாதாரணமானது அல்ல. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் விழுந்து, உயிராபத்தான நிலை வந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எறும்பு கொட்டியபின் உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்கினால், சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி இனம் எது என்ற கேள்வி. பேரினத்தைப் படத்தில் சொல்லலாம், இனத்தைச் சொல்லக்கூடாது. இலங்கையில் பல கம்போனோட்டஸ் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில பார்த்த உடனே தெரியும். வயிற்றின் மேல் பொன்னிறப் பட்டு மயிர் படிந்து, பகலில் நிலத்தில் திரிவது செரிசியஸ். அது உணவு கண்டதும் வரிசை போடாமல், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தன் பின்னால் தொட்டுக்கொண்டே வரச்செய்து அழைத்துப் போகும். 1974இலேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். உங்களுடையது இரவில் வருவது, பொன்னிறமும் இல்லை. ஆகவே செரிசியஸ் அல்ல. அதற்கு மேல் வேறுபடுத்த, மயிர்கள் நிமிர்ந்து நிற்கின்றனவா படிந்திருக்கின்றனவா, வாய்மேல் தகட்டின் முன்விளிம்பு எப்படி, கன்னத்தில் புள்ளிக்குழிகள் உண்டா என்று நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்க வேண்டும். நிறத்தை நம்பக்கூடாது. ஒரே கூட்டில் சின்னது பழுப்பாகவும் பெரியது கருமையாகவும் இருக்கும். புதிதாக நூல்கூட்டில் இருந்து வந்தது இரண்டொரு நாள் வெளிறியே இருக்கும். படத்தைப் பார்த்தே இரண்டு சொல் இலத்தீன் பெயரை எழுதித் தருபவரிடம் எந்த மயிரைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

கூரைக்கு வருகிறேன். தச்செறும்பு மரத்தைத் தின்பதில்லை. இது உறுதி. மரநாரைச் செரிக்கும் வசதி அதற்கு இல்லை. செடிப்பேன், மாப்பூச்சி கசியும் இனிப்பு நீர், செத்த பூச்சி, உங்கள் சீனிப் போத்தல் இவைதான் அதன் சாப்பாடு. அதன் குடலில் வாழும் ஒருவகைப் பக்டீரியா, இனிப்பு மட்டும் தின்றால் ஏற்படும் சத்துக்குறையை நிரப்புகிறது. மரத்தை அது குடைவது வசிக்க மட்டுமே. குடைந்த தூளைத் தின்னாமல் வெளியே தள்ளும். அதனால் அதன் அடையாளம் கைமரத்தின் வெடிப்புக்குக் கீழே குவியும் முரட்டு மரத்தூள். அதற்குள் எறும்புப் பிணமும் பூச்சிச் சிறகும் காலும் கலந்து கிடக்கும். குடைந்த இடம் மண் இல்லாமல், சீவி மெழுகியதுபோல் வழுவழுப்பாக இருக்கும். கறையான் என்றால் மண் பூசிய குழாய்ப்பாதையும் மண் அடைந்த மரமும். மாவுபோன்ற நைந்த தூளும் குண்டூசித் துளைகளும் என்றால் மரம் உளுத்திருக்கிறது, அது சிறு வண்டின் வேலை. விரல் நுழையும் அளவுக்கு வட்டமான ஒரு துளையும் கீழே முரட்டுத் தூளும் என்றால், ரீங்காரம் செய்துகொண்டு கூரையைச் சுற்றும் பெரிய கருவண்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தத் தூளைப் பார்த்து எறும்பைக் குற்றம் சாட்டிய வீடுகள் எனக்குத் தெரியும்.

இணையத்தில் நீங்கள் வாசித்த பயமுறுத்தல்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே மரச்சட்ட வீடு அதிகம், அந்த இனங்கள் ஈரமான மரத்தில் பெரிய கூடு வைப்பவை, நட்டமும் உண்மை. நம் பக்கத்துத் தச்செறும்புகளில் பல நிலத்தில், கல்லின் கீழ், தென்னையின் பட்ட மட்டையடியில், காய்ந்த கொப்பில் கூடு வைப்பவை. நான் பார்த்த அளவில், கிழக்கில் வீட்டு மரத்துக்கு எமன் கறையான்தான். தச்செறும்பு கறையானோ உளுவோ தின்றுவிட்டுப் போன வெற்றிடத்தில், அல்லது ஒழுக்கில் ஊறி மெத்தென்று ஆன மரத்தில் குடியேறும். காய்ந்த நல்ல முதிரை மரத்தைப் புதிதாகக் குடைந்து நாசமாக்கியதை நான் கண்டதில்லை. உங்கள் கைமரம் எந்த மரம் என்று நீங்கள் எழுதவில்லை.

மாரியோடு வந்ததற்கும் காரணம் தேடலாம். கார்த்திகை, மார்கழியில் வாவிப்பக்கத்து நிலத்தில் நீர்மட்டம் ஏறும்போது நிலத்துக் கூடுகள் நனைகின்றன. எறும்புகள் புழுவையும் நூல்கூட்டையும் தூக்கிக்கொண்டு உயரமான, காய்ந்த இடத்துக்கு ஏறுகின்றன. ஓட்டின் கீழ் இடுக்கு அவற்றுக்குத் தோதான இடம். இதனால் உங்கள் எறும்பு மரத்துக்குள் இருக்கிறதா, ஓட்டுக்கும் சிலாகைக்கும் நடுவே சும்மா தங்கி இருக்கிறதா என்பது படத்தில் தெரியாத விசயம். நீங்கள்தான் பார்க்க வேண்டும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மேல் ஒரு சிரட்டையில் சீனித் தண்ணீரை வரிசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, குடித்து வயிறு உப்பித் திரும்பும் எறும்பைப் பின்தொடருங்கள். வெறுமனே வருவதைப் பின்தொடர்ந்தால் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். நிறைந்தது நேரே வீட்டுக்குப் போகும். டோர்ச்சுக்குச் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், அதிகம் கலையாது. அது நுழையும் இடத்துக்குக் கீழே முரட்டுத் தூள் இருந்தால் குடைகிறது. தூள் இல்லாவிட்டால் பெரும்பாலும் தங்கல்தான். ஆணியால் அந்த இடத்தைக் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் ஓடாவியைக் கூப்பிடும் நேரம்.

வரிசையின் மேல் மருந்தடிப்பதால் வெளியே வந்தவை மட்டும் சாகும். இராணிக்கு ஒன்றும் ஆகாது. மெதுவாக வேலை செய்யும் இரைதான் பயன். சீனிப்பாகில் நூற்றுக்கு ஒன்று அளவு போரிக் அமிலம் கலந்து வைப்பது பரவலாகச் சொல்லப்படும் முறை; கூடுதலாகப் போட்டால் கொண்டுபோய்ப் பங்கு கொடுப்பதற்கு முன்பே தூக்கியவை செத்துவிடும். பிள்ளைகள், பூனை எட்டாத இடத்தில் மட்டும் வையுங்கள். அதைவிட முக்கியம், ஒழுகும் ஓட்டை மாற்றி மரத்தைக் காயவிடுவதும், கூரையைத் தொடும் மாங்கொப்பை வெட்டிவிடுவதும். தச்செறும்புக்கு அந்தக் கொப்புத்தான் பாலம், செடிப்பேன் இருக்கும் இடமும் அதுதான்.

இனப்பெயர் வேண்டும் என்ற ஆசை இருந்தால், ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் ஸ்பிரிட் எடுத்து, வரைதூரிகையின் நுனியை நனைத்து எறும்பைத் தொட்டு உள்ளே போடுங்கள். மூன்று அளவிலும் சிலவற்றை, ஒரே வரிசையில் இருந்து எடுக்க வேண்டும்; பல இனங்களைப் பிரிப்பதற்குப் பெரிய தலைக்காரர் இல்லாமல் முடியாது, சின்னதை மட்டும் கொண்டுவருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டி வருகிறது. ஊர், திகதி, எந்த மரத்தில் அல்லது சுவரில் எடுத்தது, இரவா பகலா என்பவற்றைப் பென்சிலால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள். பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அல்லது விவசாயப் பகுதியிலோ, அம்பாறைப் பக்கம் என்றால் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பகுதியிலோ நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்துத் தரும்படி கேட்கலாம். களனிப் பல்கலைக்கழகத்தில் எறும்புகளையே தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள், அங்கிருந்து பதில் வந்தால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள். போத்தல் தயாராகும்வரை, அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பெரியதைப் பக்கவாட்டிலும் நேர் முகத்திலும் எடுத்த இரண்டு தெளிவான படங்களைப் போடுங்கள். எந்த இனங்கள் அல்ல என்பதையாவது அதில் இருந்து சொல்லலாம்.